சரீரமும் சாரீரமும்

சங்கீத ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பாடகியின் சாரீரத்தைப் பற்றிப் பேசுவார்கள். ரசிகர்கள் அல்லாத இரண்டு பேர் சந்தித்தால் அவளுடைய சரீரத்தைப் பற்றிப் பேசுவார்கள். எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். துணைக்கால் இருந்தால் குரல். எடுத்துவிட்டால் வெறும் உடம்பு.

கேட்டுச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மேல்நாட்டில் சில பேர் பெரிய வியாபாரமே நடத்தியிருக்கிறார்கள். ஒரு பெண்மணியின் சாரீரத்தை எடுத்தார்கள். அதை இன்னொரு பெண்மணியின் சரீரத்தில் ஒட்டவைத்தார்கள். ஊர் ஊராக, தேசம் தேசமாக விற்றார்கள். குரலுக்குச் சொந்தக்காரி செய்த குற்றம் என்ன தெரியுமா? கொஞ்சம் பருமனாக இருந்ததுதான்!

அந்த அம்மாளின் பெயர் மார்த்தா வாஷ். "கேள்விப்பட்டதே இல்லையே!" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அவருடைய குரலை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். கல்யாண வரவேற்பில், சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் கையைக் காலை உதறத் தொடங்கும் நேரத்தில், சபையோர் அத்தனை பேரையும் ஆட வா என்று அழைக்கும் ஒரு பெண் குரல் இடி மாதிரி வந்து விழுமே, அதுதான் அவர். குரல் உலகம் முழுவதும் போய்விட்டது. பெயர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. ஏன் அப்படி நேர்ந்தது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பார்க்காமல் கேட்கிற சங்கீதம்

முதலில் இந்த நடன சங்கீதம் என்பது என்ன என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

1960-களின் நடுவில் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரவுன் என்ற கறுப்பினப் பாடகர், பாட்டில் ராகத்தைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டுத் தாளத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். நாலு அடியில் முதல் அடிக்குத்தான் முழு அழுத்தம். கிடாரிலிருந்து எக்காளம் வரை எல்லா வாத்தியமும் அந்த அடியில் வந்து விழ வேண்டும். இதற்கு 'ஃபங்க்' என்று பெயர் வந்தது. 1970-களில் 'டிஸ்கோ' வந்தது. அதில் நாலு அடிக்கும் பெரிய முரசு 'தம், தம், தம், தம்' என்று சமமாக விழும். நிமிஷத்துக்குச் சுமார் 120 அடி. ஆடத் தெரியாதவர்களின் காலையும் அது ஆட்டிவிடும். 1980-களில் சிகாகோ நகரத்தில் இதே தாளத்தை யந்திரத்தைக் கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். அது 'ஹவுஸ்' சங்கீதம்.

இந்த மூன்றில் பின்னால் வந்த இரண்டிலும் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். நம் சபாக் கச்சேரியில் பாடகர் மேடையில் இருக்கிறார். நாம் கண்ணால் பார்க்கிறோம். நடன விடுதியில் அப்படி இல்லை. ஒருவர் ஓர் ஓரத்தில் நின்று இசைத்தட்டை மாற்றி மாற்றி வைக்கிறார். ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பாடியவர் யார், கறுப்பா சிவப்பா, குண்டா ஒல்லியா என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே தட்டு முதலில் வந்துவிடும். கோஷ்டி அப்புறம் வந்தால் போதும்!

இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. நிஜமாகவே அப்படி நடந்திருக்கிறது.

பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர்

'போனி எம்' என்ற கோஷ்டியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1980-களில் காஸெட் வைத்திருந்த வீடுகளில் அந்தப் பாட்டுகள் ஒலிக்காத வீடு குறைவு. மூன்று பெண்மணிகளும் ஓர் ஆண்பிள்ளையும் பளபளவென்று உடை உடுத்தி நிற்பார்கள். அந்த ஆண்பிள்ளை பாபி பாரெல். சுழன்று சுழன்று ஆடுவார். கனமான அடித்தொண்டைக் குரலில் அவர் பாடுவதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் தட்டில் பாடியது பிராங்க் பாரியன் என்ற ஜெர்மானியத் தயாரிப்பாளர். 1975-ல் அவர் தன்னந்தனியாக ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அடித்தொண்டையில் ஒரு தடவையும் பெண் குரல் மாதிரி உச்சஸ்தாயியில் ஒரு தடவையும் பாடி ஒரு தட்டை வெளியிட்டார். தனக்குப் பிடித்த ஓர் ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரிலிருந்து பெயரை எடுத்து 'போனி எம்' என்று அச்சடித்தார். தட்டு விற்றது. தொலைக்காட்சிக்காரர்கள், "உங்கள் கோஷ்டியை அனுப்புங்கள்" என்றார்கள். கோஷ்டி எங்கே இருக்கிறது? அப்புறம்தான் ஆள் தேட ஆரம்பித்தார்!

1976-ல் நாலு பேர் நிலையாக அமைந்தார்கள். அவர்களில் லிஸ் மிட்செலும் மார்ஸியா பாரெட்டும் தட்டில் பாடினார்கள். மெய்ஸி வில்லியம்ஸும் பாபியும் மேடைக்கு மட்டும். 1978-ல் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' இங்கிலாந்தில் முதல் இடத்துக்குப் போயிற்று. 1986-ல் கோஷ்டி கலைந்தது. அதன் பிறகு நாலு பேரும் தனித்தனியாக 'போனி எம்' என்ற பெயரில் ஊர் ஊராகப் போனார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரத்தைப் பிரிக்கலாம், நிலத்தைப் பிரிக்கலாம். பெயரை எப்படிப் பிரிப்பது?

இதில் யாரும் பெரிதாக ஏமாந்ததாகச் சொல்ல முடியாது. பாடினவரே முதலாளி, அவரே மறைந்து நின்றார். பாடினவர் ஒருவராகவும் முதலாளி வேறொருவராகவும் இருந்து, பாடினவரைக் கேட்காமலே மறைத்துவிட்டால்? மார்த்தா அம்மாளின் கதை அங்கேதான் ஆரம்பமாகிறது.

இரண்டு டன் ஆனந்தம்

மார்த்தா வாஷ் 1953-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் பிறந்தவர். மாதா கோவில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்த குரல். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

அதே ஊரில் ஸில்வெஸ்டர் என்ற பாடகர் இருந்தார். ஆண்பிள்ளை, ஆனால் பெண் குரலில் பாடுவார், நினைத்தால் பெண்களைப்போல அலங்கரித்துக்கொள்வார். 1976-ல் அவருக்குப் பின்பாட்டுக்காரிகள் தேவைப்பட்டது. மார்த்தா பாடிக் காட்டப் போனபோது, மெல்லிய உடல்வாகுள்ள இரண்டு பெண்கள் அங்கே ஏற்கெனவே வந்திருந்தார்கள். ஸில்வெஸ்டர் மார்த்தாவின் பாட்டைக் கேட்டார். அந்த இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு மார்த்தாவிடம், "உங்களைப்போலவே பெரிய உடம்பும் பெரிய குரலும் உள்ள சிநேகிதி யாராவது இருக்கிறாளா?" என்று கேட்டாராம்.

இருந்தாள். இஸோரா என்று பெயர். மார்த்தாவோடு பக்திப் பாட்டுக் குழுவில் பாடியவள். இரண்டு பேரும் ஸில்வெஸ்டரின் இரு பக்கமும் நின்று பாடினார்கள். 1978-ல் வந்த 'மைட்டி ரியல்' பாட்டும் 'டிஸ்கோ ஹீட்' பாட்டும் நடன விடுதிகளைக் கலக்கின. இந்த இரண்டு பேருக்கும் 'டூ டன்ஸ் ஓ ஃபன்' என்று பெயர் விழுந்தது. இரண்டு டன் ஆனந்தம்! 1980-ல் அந்தப் பெயரிலேயே சொந்தமாக ஓர் ஆல்பமும் போட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். பருமனைப் பிறர் சொன்னால் கேலி. தானே பெயர்ப்பலகையாக எழுதி மாட்டிவிட்டால் கேலி செய்கிறவனுக்கு வேலையில்லை. மேடையில் அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை. சரீரமும் சாரீரமும் ஒன்றாகவே வந்து நின்றன. ஜனங்கள் இரண்டையும் சேர்த்துக் கொண்டாடினார்கள்.

மாப்பிள்ளை மழை

இதற்கிடையில் டிஸ்கோவுக்கு ஏழரைச் சனி பிடித்தது. 1979 ஜூலை 12-ந் தேதி சிகாகோவில் ஒரு பேஸ்பால் ஆட்டம். டிஸ்கோ தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் 98 சென்டுக்கு உள்ளே விடுகிறோம் என்று ஒரு வானொலிக்காரர் யோசனையின்பேரில் அறிவித்தார்கள். வந்து குவிந்த தட்டுகளை மைதானத்தின் நடுவில் வைத்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து ரகளை செய்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நின்றுபோயிற்று. அதன் பிறகு டிஸ்கோ என்ற வார்த்தையைச் சொல்லவே கம்பெனிகள் கூசின.

அதே 1979-ல் பால் ஜபாரா, பால் ஷாபர் என்ற இருவர் ஒரு வேடிக்கைப் பாட்டை எழுதியிருந்தார்கள். வானத்திலிருந்து மழைக்குப் பதிலாக ஆண்பிள்ளைகள் கொட்டுகிறார்கள். பெண்கள் குடையை வீசிவிட்டு வெளியே ஓடி வருகிறார்கள். அதுதான் விஷயம். வரன் தேடி அலுத்துப்போன தாய்மார்கள் இதைக் கேட்டால், "எந்த ஊரில், எந்தத் தேதியில்?" என்று விசாரிப்பார்கள்! ஆனால் பெரிய பாடகிகள் யாரும் பாட முன்வரவில்லை. டோனா ஸம்மர் வேண்டாம் என்றார். டயானா ராஸ், ஷெர், பார்பரா ஸ்டிரைஸாண்ட் எல்லோரும் தட்டிக் கழித்தார்கள். கடைசியில் ஜபாரா நம் இரண்டு அம்மாள்களிடம் வந்தார். அவர்களும் முதலில் இதென்ன தமாஷ் என்றுதான் நினைத்தார்களாம்.

1982-ல் பாட்டு வெளிவந்தது. வானிலை அறிக்கை வாசிக்கிறவர்களைப்போல் தொடங்குகிற பாட்டு என்பதால், கோஷ்டியின் பெயரும் 'வெதர் கேர்ள்ஸ்' என்று மாறிற்று. அமெரிக்காவின் நடனப் பாட்டுப் பட்டியலில் முதல் இடம். பொதுப் பட்டியலில் 46-ஆவது இடத்தோடு நின்றது. இங்கிலாந்தில் 1984-ல் இரண்டாவது இடம். அந்த 'இட்ஸ் ரெய்னிங் மென்' இன்றைக்கும் சாகவில்லை. 2001-ல் ஜெரி ஹாலிவெல் என்ற பாடகி மறுபடி பாடி இங்கிலாந்தில் முதல் இடமே வாங்கினார். நாலு பேர் வேண்டாம் என்று தள்ளிய சரக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் விலைபோகிறது!

ஆனால் நடன கோஷ்டிகளின் ஆயுள் பெரும்பாலும் ஒரு பாட்டின் ஆயுள்தான். 1985-ல் போட்ட ஆல்பம் சோபிக்கவில்லை. 1988-ல் போட்டதும் அப்படியே. 1988 டிசம்பரில் எய்ட்ஸ் நோயால் ஸில்வெஸ்டர் காலமானார். வெதர் கேர்ள்ஸும் பிரிந்தார்கள். மார்த்தா அம்மாள் பிழைப்புக்காகக் கூலிக்குப் பாட ஆரம்பித்தார்.

அப்பளம் இட்ட மாமி

கூலிக்குப் பாடுவது என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட்டால் மேலே நடந்தது விளங்கும்.

தெருவில் ஒரு மாமி அப்பளம் இடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பக்குவம் பிரமாதம். கடைக்காரர் வருகிறார். நூற்றுக்கு இத்தனை என்று கூலி பேசிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகிறார். அப்புறம் அது எந்தப் பெயரில் விற்கிறது, எத்தனை விற்கிறது என்பதெல்லாம் மாமிக்குச் சம்பந்தமில்லை. கூலி ஒரு தடவைதான். மாறாக, "என் பெயரைப் போடுங்கள், விற்பதில் நூற்றுக்கு இத்தனை எனக்கு" என்று எழுதி வாங்கிக்கொண்டால் அது ராயல்டி.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதற்கு 'டெமோ' என்று பெயர், மாதிரிப் பதிவு. பிரபலப் பாடகி ஒருத்தி பிற்பாடு பாடப்போகும் பாட்டை எப்படிப் பாட வேண்டும் என்று காட்டுவதற்காக வேறொருத்தி பாடி வைப்பது. அதற்குக் கூலி கொஞ்சம்தான். நாடாவில் 24 தடங்கள் இருக்கும். ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். ஒன்றை எடுக்கலாம், ஒன்றைச் சேர்க்கலாம். பாடினவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவள் குரல் எந்தப் பாட்டில் போய் உட்காரும் என்பது அவளுக்கே தெரியாது.

மார்த்தா அம்மாள் இப்படித்தான் பாடிக் கொடுத்தார், கூலியும் வாங்கிக்கொண்டார். பாடியதில் பலவற்றை மாதிரிப் பதிவு என்றே நினைத்திருந்தார்.

கறுப்புப் பெட்டிக்குள் யார்?

இத்தாலியில் 'பிளாக் பாக்ஸ்' என்று ஒரு கோஷ்டி. கறுப்புப் பெட்டி! விமானம் விழுந்தால்தான் கறுப்புப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். இந்தக் கோஷ்டியின் விஷயமும் அப்படித்தான் ஆயிற்று. உண்மையில் அது மூன்று ஆண்பிள்ளைகள் சேர்ந்து நடத்திய தயாரிப்பு. 1989-ல் அவர்கள் வெளியிட்ட 'ரைட் ஆன் டைம்' இங்கிலாந்தில் ஆறு வாரம் முதல் இடத்தில் இருந்தது. அந்த வருஷம் அங்கே மிக அதிகமாக விற்ற தட்டு அதுதான். தொலைக்காட்சியில் தோன்றிப் பாடியவர் காத்ரீன் க்வினோல் என்ற பிரெஞ்சு மாடல் அழகி. ஓங்கு தாங்கான உயரம், ஒடிந்துவிடும்போல் இடை. வாயசைப்பு மட்டும் குரலோடு சரியாக ஒட்டவில்லை!

அந்தக் குரல் லோலீட்டா ஹாலவே என்ற சிகாகோப் பாடகியுடையது. இவரும் மாதா கோவிலில் பாடி வளர்ந்தவர்தான். 1980-ல் டான் ஹார்ட்மன் என்பவரின் தயாரிப்பில் 'லவ் ஸென்ஸேஷன்' என்ற பாட்டைப் பாடினார். திருப்தி வரும்வரை திரும்பத் திரும்பப் பாடச் சொன்னதில் தொண்டை கட்டிக்கொண்டதாம். காப்பியில் விக்ஸைக் கலந்து குடித்துவிட்டுப் பாடி முடித்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். (நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். வெந்நீரும் பனங்கற்கண்டும் போதும்.) அத்தனை பாடுபட்டுப் பாடிய பாட்டிலிருந்துதான் துண்டு துண்டாகக் கத்தரித்து 'ரைட் ஆன் டைம்' பாட்டில் தைத்திருந்தார்கள். லோலீட்டா அம்மாள் சட்டத்தை நாடினார். பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். பாட்டைப் பிற்பாடு ஹெதர் ஸ்மால் என்ற இன்னொரு பாடகியைக் கொண்டு பாடவைத்தும் வெளியிட்டார்கள்.

பழைய தட்டைக் கத்தரித்தால் வம்பு வருகிறதல்லவா? ஆகவே அடுத்த பாட்டுகளுக்குப் புதிதாக ஒருவரைப் பாடவைத்தார்கள். அந்த ஒருவர் மார்த்தா வாஷ்! 1990-ல் வந்த 'டிரீம்லாண்ட்' ஆல்பத்தில் பெரும்பகுதி அவர் குரல்தான். அதிலிருந்து 'எவ்ரிபடி எவ்ரிபடி', 'ஸ்டிரைக் இட் அப்' என்ற இரண்டு பாட்டுகள் அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. தட்டில் மார்த்தாவின் பெயர் இல்லை. வீடியோவில் அதே காத்ரீன் வந்து வாயசைத்தார்.

அதோடு போயிற்றா? நியூயார்க்கில் ராபர்ட் கிளிவிலே, டேவிட் கோல் என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் 'ஸி அண்ட் ஸி மியூஸிக் ஃபாக்டரி' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பெயரே தொழிற்சாலை! முன்பு ஒரு மாதிரிப் பதிவுக்காக மார்த்தா பாடி வைத்திருந்த குரலை எடுத்து 1990-ல் 'கோனா மேக் யு ஸ்வெட்' பாட்டில் பொருத்தினார்கள். ஆரம்பத்தில் சொன்னேனே, ஆட அழைக்கும் அந்தக் குரல் இந்தப் பாட்டில்தான் வருகிறது. 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதல் இடம். வீடியோவில் தோன்றியவர் செல்மா டேவிஸ் என்ற மெல்லிய இளம் பெண்.

செல்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்ணும் நிஜமான பாடகிதான். அதே கோஷ்டியின் வேறு பாட்டுகளில் சொந்தக் குரலில் பாடியிருக்கிறாள். அவளை வாயசைக்கச் சொன்னார்கள், அசைத்தாள். இந்த மாதிரிக் கதைகளில் இரண்டு பெண்களை எதிரும் புதிருமாக நிறுத்திவிட்டுப் பெட்டிச் சாவியை வைத்திருக்கிறவர்கள் நழுவிவிடுவார்கள். நாம் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

வழக்குமன்றத்தில் ஒரு சாரீரம்

நம் சினிமாவிலும் நடிகை ஒருத்தி, பாடுகிறவள் ஒருத்திதானே என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் படத்தில் 'பின்னணி பாடியவர்கள்' என்று தலைப்பிலேயே பெயர் வருகிறது. கதாநாயகி பாடவில்லை என்பது தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். பாடியவரின் பெயருக்காகவே தட்டு வாங்குகிறோம். இரவல் கேட்டு வாங்கினால் இரவல். கேட்காமல் எடுத்துக்கொண்டு, என்னுடையது என்றும் சொல்லிவிட்டால் அதற்கு வேறு பெயர்.

1990 நவம்பரில் ஒரு பெரிய குட்டு உடைந்தது. 'மில்லி வனில்லி' என்று இரண்டு அழகான வாலிபர்கள். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் சிறந்த புதுக் கலைஞர்கள் என்று கிராமி பரிசு வாங்கியிருந்தார்கள். அவர்கள் தட்டில் ஒரு வரிகூடப் பாடவில்லை என்பது வெளிப்பட்டது. தயாரிப்பாளர் யார் தெரியுமா? நாம் முன்பே பார்த்த பிராங்க் பாரியன்தான்! பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பத்திரிகைகள் அந்த இரண்டு வாலிபர்களையும் பிய்த்து எடுத்துவிட்டன.

ஊர் முழுவதும் இதே பேச்சாக இருந்த நேரத்தில் மார்த்தா அம்மாளும் வழக்குப் போட்டிருந்தார். பிளாக் பாக்ஸ் தட்டுகளை அமெரிக்காவில் வெளியிட்ட ஆர்.ஸி.ஏ. கம்பெனி சமரசத்துக்கு வந்தது. அவருடைய சொந்தப் பெயரில் பாடுவதற்கு ஒப்பந்தம் கொடுத்தது. மியூஸிக் ஃபாக்டரி விவகாரம் கொஞ்சம் இழுத்தது. 1994-ல் ஸோனி கம்பெனியும் சமரசம் செய்துகொண்டது. அதோடு எம்.டி.வி. தொலைக்காட்சிக்கு அது ஒரு வேண்டுகோளும் விடுத்தது. வீடியோவைக் காட்டும்போது, குரல் மார்த்தா வாஷுடையது, திரையில் தோன்றுபவர் செல்மா டேவிஸ் என்று எழுதிக் காட்ட வேண்டும் என்பதுதான் அது.

திரையின் அடியில் ஓடும் ஒரு வரி. பார்க்கிறவர்கள் படித்தார்களோ இல்லையோ! ஆனால் ஒரு பெண் நாலு வருஷம் போராடிச் சம்பாதித்த வரி அது. பணத்துக்காக மட்டும் சண்டை போடுகிறவர்கள் தொகை வந்தவுடன் வீட்டுக்குப் போய்விடலாம். மார்த்தாவுக்குத் தொகையோடு துணைக்காலும் வேண்டியிருந்தது! அதற்குப் பிறகு, யார் பாடியது என்பதை மறைப்பது ஆபத்து என்ற பயம் கம்பெனிகளுக்கு வந்தது. இன்றைய நடனப் பாட்டுகளில் தயாரிப்பாளர் பெயருக்குப் பக்கத்தில் பாடகியின் பெயரும் இருப்பதைப் பார்க்கும்போது, அந்தப் போராட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது.

பிறகு என்ன ஆயிற்று?

1993-ல் ஓர் ஆல்பம் வெளிவந்தது. அட்டையில் பெயர்: மார்த்தா வாஷ். அதிலிருந்து இரண்டு பாட்டுகள் அமெரிக்க நடனப் பட்டியலில் முதல் இடம் பெற்றன. 1994-ல் அதே மியூஸிக் ஃபாக்டரியோடு மறுபடி ஒரு பாட்டுப் பாடினார்; இந்தத் தடவை தட்டிலேயே பெயர் போட்டார்கள். சண்டை போட்ட வீட்டுக்கே தலைநிமிர்ந்து விருந்துக்குப் போவது என்றால் இதுதான். 2020-லும், அறுபது வயதைக் கடந்த பிறகு, புதிய ஆல்பம் ஒன்றை வெளியிட்டார்.

லோலீட்டா அம்மாளுக்கும் ஒரு நல்ல நாள் வந்தது. 1991-ல் மார்க்கி மார்க் என்ற வாலிபரின் கோஷ்டி அதே 'லவ் ஸென்ஸேஷன்' பாட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை ஒழுங்காகப் பெயர் போட்டார்கள். வீடியோவிலும் அவரையே பாடவைத்துக் காட்டினார்கள். பாட்டு அமெரிக்காவில் முதல் இடத்துக்குப் போயிற்று. பெயர் போட்டால் பாட்டு விற்காது, பருமனான பெண்ணைக் காட்டினால் ஜனங்கள் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை. லோலீட்டா 2011-ல் காலமானார்.

இஸோரா அம்மாள் ஜெர்மனிக்குப் போனார். மகள் டைனெல்லைச் சேர்த்துக்கொண்டு 'வெதர் கேர்ள்ஸ்' கோஷ்டியை மறுபடி ஆரம்பித்தார். அம்மாவும் பெண்ணுமாக அதே மாப்பிள்ளை மழையைப் பொழிந்தார்கள்! 2004-ல் இஸோரா காலமான பிறகு மகள் அந்தப் பெயரைக் கைவிடாமல் நடத்தினார். கோஷ்டியின் பெயர் கம்பெனியின் சொத்தாகிவிடும் இந்தத் தொழிலில், அம்மாவிடமிருந்து பெண்ணுக்கு வந்து சேர்ந்த பெயர் இது ஒன்று.

இதையெல்லாம் பாட்டுக்காரிகளின் கதை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நம்மில் எத்தனை பேருடைய கைவேலை வேறொருவர் பெயரில் உலாவுகிறது! நாத்தனார் தைத்த ரவிக்கையைக் கடைக்காரர் தம் சரக்கு என்று விற்கிறார். ஆபீஸில் ஒரு பெண் இரவெல்லாம் விழித்துத் தயாரித்த அறிக்கையை மேலதிகாரி தம் பெயரில் வாசிக்கிறார். "பெயரா பெரிசு? வேலை நடந்தால் சரி" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருந்தன்மையை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து எதிர்பார்க்கிறார்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆகவே, கைத்தொழிலோ கலையோ எதுவாக இருந்தாலும், கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தப் பெயரில் போகிறது? ஒரு தடவைக் கூலியா, விற்பதில் பங்கா? பதிலை வாயால் வாங்காமல் காகிதத்தில் வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். நியாயமான முதலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவரிடம் நீங்கள் இன்னும் கட்டாயமாகக் கேட்டிருக்க வேண்டும்!